குழந்தைகளின் தோழி மாண்டிசோரி அம்மையார்

இராமநாதபுர மாவட்டத்தின் கடற்கரையில், மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் முதலிய ஊர்களில், மீனவர் குடிலின் முற்றத்தே இரண்டு வயதுக் குழந்தை ஒன்று அமர்ந்திருக்கும் காட்சியைக் காணலாம். தந்தை கிழிந்த வலையைச் சீர்செய்துகொண்டிருப்பார். தாய் மீனை உலர்த்திக்கொண்டிருப்பாள். குழந்தையோ தன்னைச் சூழ நிகழும் எதனையும் நோக்காது, கொட்டாங்கச்சியில் மணலை நிறைப்பதும், அதனைக் கவிழ்ப்பதும், மீண்டும் நிறைப்பதுமாய் இருக்கும். பெரிய சிப்பியின்மேல் சிறிய சிப்பியை வைத்துப் பார்க்கும். சங்கினுள் சோழியை இட்டுப் பார்க்கும். சோழி நுழையாவிடின் வேறொன்றை எடுக்கும். பனையோலைக் கிலுகிலுப்பையைக் குலுக்கி, அவ்வோசை எங்கிருந்து பிறக்கின்றது என்று அறிய அதனைப் பிரித்தும் பார்க்கும்.

பெரியோர் இதனை வீண் விளையாட்டு என்பர். அது விளையாட்டன்று; அறிவு வளர்வதற்குக் குழந்தை செய்யும் உழைப்பே அது என்று உலகிற்கு எடுத்துக்காட்டியவர் மரியா மாண்டிசோரி அம்மையார். குழந்தையின் கைக்கு ஏற்ற கல்விப் பொருள்களை அமைத்துத் தந்து, விளையாட்டின் வழியே கல்வி புகட்டும் நெறியை வகுத்தவரும் அவரே. இத்தாலி நாட்டிற் பிறந்த அவர், தம் முதுமைக் காலத்தில் பல ஆண்டுகள் நம் தமிழகத்தில் தங்கிப் பணிபுரிந்தார் என்பது நாம் பெருமையோடு நினைவுகூரத் தக்கது.

இத்தாலியில் அங்கோனா நகரை அடுத்த கியாரவல்லே என்னும் சிற்றூரில் 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31-ஆம் நாள் மரியா பிறந்தார். தந்தையார் அலெசாந்திரோ அரசாங்க அலுவலர்; பழைய வழக்கங்களில் பற்றுடையவர். தாயார் ரெனில்டே நூற்பயிற்சி மிக்கவர். தம் ஒரே மகள் நன்கு கற்றல் வேண்டும் என்னும் ஆர்வம் உடையவர். மரியாவின் இளமைப் பருவத்திலேயே அக்குடும்பம் தலைநகராகிய உரோமாபுரியிற் குடியேறியது.

அக்காலத்தில் அந்நாட்டுப் பெண்கள் கற்றால் ஆசிரியப் பணிக்கே செல்வர். மரியாவோ முதலிற் பொறியியல் கற்க விழைந்தார். பின்னர் மருத்துவம் கற்கத் துணிந்தார். தந்தையார் இசையவில்லை. பெண்ணொருத்தி மருத்துவம் பயில்வதைக் கல்லூரியிலும் பலர் விரும்பவில்லை. எனினும் அவர் உறுதி தளராது கல்லூரியிற் சேர்ந்தார். ஆடவரோடு கூடி நின்று பிணத்தை அறுத்து ஆராய்தல் பெண்ணுக்குத் தகாது என்று கருதப்பட்டமையால், ஏனைய மாணவர்கள் சென்ற பின்னர், மாலைப் பொழுதில் தனியே அவ்வறையில் நின்று அவர் அப்பயிற்சியைச் செய்ய நேர்ந்தது.

அந்நாளில் ஒருமுறை அவர் மனம் சோர்ந்து, இக்கல்வியை விட்டுவிடுவோம் என்று எண்ணியவாறே ஒரு பூங்காவின் வழியாகச் சென்றார் என்பர். அங்கே பிச்சை எடுக்கும் ஏழைத்தாய் ஒருத்தியின் பக்கத்தே சிறு குழந்தை ஒன்று தரையில் இருந்தது. அதன் கையில் வண்ணக் காகிதத் துண்டு ஒன்று இருந்தது. பசியையும் குளிரையும் மறந்து, அக்காகிதத்திலேயே குழந்தை தன் உள்ளம் முழுவதையும் செலுத்தியிருந்தது. அதன் முகத்திற் கண்ட அமைதி மரியாவின் மனத்தை மாற்றிற்று; அவர் மீண்டும் கல்லூரிக்குத் திரும்பினார். அவர் வாழ்க்கையை எழுதியோர் கூறும் இந்நிகழ்ச்சி, பிற்காலத்தில் அவர் மேற்கொண்ட பணிக்கு ஒரு முன்னறிகுறி போல் விளங்குகின்றது. 1896-ஆம் ஆண்டில் மரியா மருத்துவப் பட்டம் பெற்று, இத்தாலியின் முதற் பெண் மருத்துவர் சிலருள் ஒருவரானார்.

பட்டம் பெற்ற பின்னர், மனநோய் மருத்துவப் பிரிவில் அவர் பணியாற்றினார். அந்நாளில் அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளையும் மனநோயாளர் விடுதியிலேயே அடைத்துவைத்தனர். அத்தகைய விடுதி ஒன்றிற்குச் சென்ற அம்மையார், வெற்றறை ஒன்றிற் பல குழந்தைகளைக் கண்டார். உணவு முடிந்ததும் அவர்கள் தரையில் தவழ்ந்து, சிந்திய ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கினர். காவற்பெண் அதனை இழிவாகக் கருதினாள். அம்மையாரோ, கையாற் பற்றவும் உருட்டவும் ஆராயவும் அவ்வறையில் வேறொரு பொருளும் இல்லாமையே அதற்குக் காரணம் என்று உணர்ந்தார். அக்குழந்தைகளுக்கு வேண்டுவது மருந்தைக் காட்டிலும் கல்வியே என்பது அவருக்குத் தெளிவாயிற்று.

பிரஞ்சு மருத்துவர்களாகிய இத்தார், செகென் ஆகிய இருவர் இத்துறையில் எழுதிய நூல்களை அவர் தேடிப் பெற்றார்; அவற்றை முழுவதும் இத்தாலிய மொழியிற் பெயர்த்துத் தம் கையாலேயே எழுதினார். அந்நூல்களின் துணைகொண்டு பலவகைப் பொருள்களைச் செய்வித்து அக்குழந்தைகளுக்குக் கற்பித்தார். அறிவிலிகள் என்று ஒதுக்கப்பட்ட அவர்களுட் சிலர் எழுதவும் படிக்கவும் கற்று, ஏனைய மாணவர் எழுதும் பொதுத்தேர்விலும் தேறினர். கண்டோர் வியந்து பாராட்டினர். அம்மையாரின் உள்ளத்திலோ வேறொரு வினா எழுந்தது. குறையுடைய குழந்தைகள் இவ்வளவு முன்னேறுவராயின், குறையற்ற குழந்தைகள் இவர்களினும் மேம்படாது நிற்பது ஏன்? குறை குழந்தைகளிடத்தில் இல்லை. கற்பிக்கும் முறையிலேயே உள்ளது என்று அவர் முடிவு செய்தார்.

இக்காலத்தில் அவர் வாழ்வில் ஒரு பெருந்துயரும் நேர்ந்தது. 1898-ஆம் ஆண்டில் அவருக்கு மாரியோ என்னும் மகன் பிறந்தான். அம்மையார் மணம் செய்துகொள்ளவில்லை. அக்காலச் சமுதாயத்தின் கடுமையான கட்டுப்பாட்டால் மகனைத் தம்முடன் வைத்து வளர்க்க அவரால் இயலவில்லை. பிள்ளை நாட்டுப்புறத்தே வேறொரு குடும்பத்தில் வளர்ந்தது. தாய் அவ்வப்போது சென்று கண்டுவருவார். ஆயினும் தாம் தாய் என்பதை வெளிப்படுத்த இயலாது திரும்புவார். பிறர் குழந்தைகளுக்கெல்லாம் தாயாய் விளங்கியவர் தம் குழந்தையின் மழலைப் பருவத்தைக் கண்டு களிக்கும் பேறு பெறவில்லை. மாரியோ ஏறத்தாழப் பதினைந்து வயதினனான போதே தாயும் மகனும் ஒன்றுசேர்ந்தனர். அதன் பின்னரும் அவனைத் தம் உறவினன் என்றே பிறரிடம் கூறும் நிலை நெடுங்காலம் நீடித்தது.

உரோமாபுரியில் சான் லொரென்சோ என்பது ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த பகுதி. அங்கே பழைய கட்டடங்களைச் செப்பனிட்டு மக்களைக் குடியேற்றிய நிறுவனத்தாருக்கு ஒரு தொல்லை நேர்ந்தது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின், பள்ளி செல்லும் வயதை எட்டாத சிறுவர்கள் மாடிப்படிகளிலும் முற்றங்களிலும் திரிந்து சுவர்களைப் பாழ்செய்தனர். அவர்களை ஓரறையில் வைத்துக் காக்கும் பொறுப்பை ஏற்குமாறு அம்மையாரை வேண்டினர். பெரும் பதவியில் இருந்த மருத்துவர் இச்சிறு பணியை ஏற்பதா என்று பலர் எண்ணினர். அம்மையார் மகிழ்ச்சியோடு ஏற்றார். 1907-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள் அங்கே ‘குழந்தைகள் இல்லம்’ திறக்கப்பட்டது.

அங்கு வந்த ஏறத்தாழ ஐம்பது குழந்தைகளும் முதலில் அழுதனர், அஞ்சினர், எதனையும் நோக்காது வெறித்து நின்றனர். அம்மையார் அவர்கள் நடுவே தாம் அமைத்த கல்விப் பொருள்களை வைத்தார். அவற்றுள் ஒன்று நீண்ட மரக்கட்டை. அதிற் பத்துக் குழிகள் உண்டு. ஒவ்வொரு குழிக்கும் பொருந்துமாறு பத்து மர உருளைகளும், அவற்றை எடுத்தற்குச் சிறு குமிழ்களும் உண்டு. உருளையைத் தவறான குழியில் இட்டால், முடிவில் ஓர் உருளை எங்கும் பொருந்தாது எஞ்சும். ஆசிரியர் தவறு என்று கூற வேண்டுவதில்லை. குழந்தை தானே தன் பிழையை உணர்ந்து திருத்திக்கொள்ளும். குமிழை மூன்று விரலாற் பற்றிப் பழகிய கை, பிற்காலத்தில் எழுதுகோலையும் எளிதிற் பற்றும்.

ஒருநாள் ஏறத்தாழ மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி அவ்வுருளைகளை எடுப்பதும் கலப்பதும் மீண்டும் பொருத்துவதுமாய் இருந்தாள். அம்மையார் அருகிருந்து எண்ணத் தொடங்கினார். ஏனைய குழந்தைகளைப் பாடச் செய்தார். சிறுமி நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் அமர்ந்திருந்த நாற்காலியை அப்படியே தூக்கி மேசைமீது வைத்தார். அவளோ பொருள்களை மடியிற் பற்றிக்கொண்டு தன் வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது முறைக்கு மேல் அவ்வாறு செய்த பின்னர், நன்கு உறங்கி எழுந்தவள் போல மலர்ந்த முகத்தோடு நிறுத்தினாள். சிறு குழந்தையின் மனம் ஒன்றிலும் நிலைத்து நில்லாது என்று நம்பிய உலகிற்கு இஃது ஒரு புதிய உண்மையாயிற்று. தகுந்த பொருள் வாய்த்தால், குழந்தையின் உள்ளம் பெரியோர் உள்ளத்தினும் ஆழமாக ஒன்றும் என்பதை அம்மையார் அறிந்தார்.

அவ்வில்லத்திற் செல்வர் அளித்த விலையுயர்ந்த பொம்மைகளும் இருந்தன. குழந்தைகள் அவற்றை நாடவில்லை. உருளைகளையும், ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கும் பத்துக் கனசதுரங்களையும், பொத்தான் இட்டுக் கழற்றும் துணிச்சட்டங்களையுமே விரும்பினர். அறையைத் துடைத்தல், நீர் வார்த்தல், உணவு பரிமாறுதல் ஆகிய வீட்டு வேலைகளையும் ஆர்வத்தோடு செய்தனர். இனிப்புப் பண்டங்களைப் பரிசாக அளித்தபோதும், செய்யும் வேலையை விட்டு அவற்றிற்காக ஓடிவரவில்லை. ஒருநாள் பொருள்களை வைத்திருந்த பேழையைப் பூட்ட ஆசிரியை மறந்துவிட்டாள். குழந்தைகள் தாமே வேண்டியவற்றை எடுத்து ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தனர். அன்று முதல் அம்மையார் பூட்டிய பேழையை நீக்கிக் குழந்தைகளின் கைக்கு எட்டும் தாழ்ந்த அடுக்குகளை அமைத்தார். சிறிய மேசை, சிறிய நாற்காலி என்பவையும் அவ்வில்லத்தில் இடம்பெற்றன.

எழுத்துகளை உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டி அவர் கொடுத்தார். குழந்தைகள் விரலால் அவற்றைத் தடவி, ஒலியையும் உடன் கூறிப் பழகினர். சின்னாட்களிற் சிறுவன் ஒருவன் தரையிற் சுண்ணக்கோலால் ஒரு சொல்லை எழுதிவிட்டு, நான் எழுதினேன் என்று ஆர்ப்பரித்தான். ஏனைய குழந்தைகளும் தொடர்ந்தனர். நான்கைந்து வயதிலே எழுதும் ஏழைக் குழந்தைகளைக் காணப் பல நாட்டறிஞர் சான் லொரென்சோவுக்கு வந்தனர். தம் முறையை விளக்கி அம்மையார் 1909-ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டார். அது பல மொழிகளிற் பெயர்க்கப்பெற்றது. அமெரிக்காவில் தொலைபேசியைக் கண்ட கிரகாம் பெல்லும் அவர் முறைக்கு ஆதரவளித்தார். 1915-ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ பொருட்காட்சியிற் கண்ணாடிச் சுவரிட்ட வகுப்பறை ஒன்று அமைக்கப்பட்டது. புறத்தே மக்கள் திரண்டு நோக்கவும், உள்ளே குழந்தைகள் தம் வேலையிலேயே ஒன்றியிருந்தனர்.

இத்தாலியில் முசோலினியின் ஆட்சி தொடக்கத்தில் அவருக்கு ஆதரவு காட்டியது. அவரும் அதனை ஏற்றுக்கொண்டார். பின்னரே, தானே சிந்திக்கும் குழந்தையை வளர்ப்பதும், ஆணைக்கு அடங்கும் படைவீரனை ஆக்குவதும் ஒன்றுக்கொன்று முரணானவை என்பது வெளிப்பட்டது. 1934-ஆம் ஆண்டில் அவர் பள்ளிகள் அந்நாட்டில் மூடப்பட்டன. இட்லரின் செருமனியிலும் அதுவே நிகழ்ந்தது. ஸ்பெயின் நாட்டில் வாழ்ந்த அம்மையார், 1936-இல் அங்கு உள்நாட்டுப் போர் மூண்டதும் வெளியேறி ஆலந்து நாட்டை அடைந்தார். அறுபத்தாறு வயதில், உடைமைகளைத் துறந்து புதிய நாட்டிற் குடியேறும் நிலை அவருக்கு வந்தது.

காந்தியடிகள் 1931-ஆம் ஆண்டு இலண்டன் சென்றபோது அம்மையாரைக் கண்டு அளவளாவினார். மெய்யான அமைதியை உலகிற் காண விழைவோர் குழந்தைகளிடமிருந்தே தொடங்குதல் வேண்டும் என்னும் கருத்தில் இருவரும் ஒன்றுபட்டனர். 1939-ஆம் ஆண்டில், பிரம்மஞான சபையின் தலைவர் அருண்டேல், அவர் துணைவியார் ருக்மிணி தேவி ஆகியோரின் அழைப்பை ஏற்று, அம்மையார் மாரியோவுடன் சென்னை வந்து அடையாற்றில் தங்கினார். ஓலை வேய்ந்த கொட்டகைகளில் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்த முந்நூறு ஆசிரியர்களுக்கு மேல் அவரிடம் பாடம் கேட்டனர். அம்மையார் இத்தாலிய மொழியிற் சொற்பொழிவாற்றுவார். மாரியோ அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பார். சில திங்களில் ஊர் திரும்புவதே அவர்கள் எண்ணம்.

1940-ஆம் ஆண்டு சூன் திங்களில் இத்தாலி, பிரிட்டனுக்கு எதிராகப் போரில் இறங்கியது. இந்தியாவில் இருந்த இத்தாலியர் அனைவரும் பகைநாட்டாராகக் கருதப்பட்டனர். மாரியோ அகமது நகரில் இருந்த காவல் முகாமிற்குக் கொண்டுசெல்லப்பட்டார். அம்மையார் அடையாற்றின் எல்லையை விட்டு வெளிச்செல்லக் கூடாது என்று ஆணை பிறந்தது. அயல்நாட்டில், மொழி அறியாத இடத்தில், எழுபதை அணுகிய மூதாட்டி, மகனைப் பிரிந்து தனித்திருந்தார். முன்பு சமுதாயம் பிரித்தது. இப்போது போர் பிரித்தது.

அவ்வாண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் அம்மையாருக்கு எழுபது வயது நிரம்பியது. அந்நாளையொட்டி அரசப் பிரதிநிதியிடமிருந்து தந்தி ஒன்று வந்தது. எழுபதாம் பிறந்தநாளுக்கு அவருக்கு அளிக்கத்தக்க பரிசு யாதென ஆராய்ந்து, அவர் மகனை அவரிடம் அனுப்புவதே சிறந்த பரிசு எனத் துணிந்ததாக அதிற் குறித்திருந்தது. மாரியோ விடுவிக்கப்பட்டார். உறவினன் என்று நெடுங்காலம் வழங்கப்பட்டவரை மகன் என்றே அத்தந்தி குறித்தது. தாயின் நெடுநாள் துயர் தமிழ் மண்ணிலே தணிந்தது.

பின்னர் அம்மையாரும் மாரியோவும் கொடைக்கானலில் இரண்டாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தனர். அங்கே வயதில் வேறுபட்ட குழந்தைகளை ஒன்றுகூட்டி, செடி கொடிகளையும் உயிரினங்களையும் கண்டு கற்பதற்குரிய முறையை வகுத்தனர். 1944-ஆம் ஆண்டில் இராமேசுவரத்திற்கு அப்பால் கடல் கடந்து கிடக்கும் இலங்கையிலும் அம்மையார் ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தார்.

இந்தியாவில் அவர் கண்ட காட்சிகள் அவருடைய ஆராய்ச்சிக்கு உரமூட்டின. இங்கே தாய்மார் கைக்குழந்தையை இடுப்பில் ஏந்திச் சந்தைக்கும் வயலுக்கும் செல்வர். குழந்தை அனைத்தையும் கண்டும் கேட்டும் வளரும். எவரும் இலக்கணம் கற்பிக்காமலே அது தாய்மொழியைப் பேசத் தொடங்கும். நீரைத் துணி உறிஞ்சுவதுபோல, முதல் மூன்றாண்டுகளிற் குழந்தையின் மனம் சூழலை முழுவதும் உள்வாங்குகின்றது என்னும் உண்மையை அம்மையார் விரிவாக விளக்கினார். இந்தியாவில் ஆற்றிய சொற்பொழிவுகளினின்று தோன்றிய, உள்வாங்கும் மனம் பற்றிய அந்நூல் 1949-ஆம் ஆண்டு அடையாற்றிலேயே வெளியாயிற்று. நாடெங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் பயின்றனர். அந்நாளைய இராமநாதபுர மாவட்டத்தைச் சார்ந்திருந்த காரைக்குடியில், வள்ளல் அழகப்பச் செட்டியார் நிறுவிய கல்வி நிலையங்களுள் மாண்டிசோரி பள்ளியும் ஒன்றாகும்.

1949-ஆம் ஆண்டில் அம்மையார் ஐரோப்பா திரும்பினார். 1952-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள், ஆலந்தின் கடற்கரை ஊராகிய நோர்ட்விக்கில், தம் எண்பத்தொன்றாம் வயதில் மறைந்தார். மாரியோ தம் வாழ்நாள் முழுவதும் அன்னையின் பணியைத் தொடர்ந்தார். இத்தாலி நாடு தன் ஆயிரம் லிரா பணத்தாளில் அம்மையாரின் உருவத்தைப் பொறித்துச் சிறப்பித்தது.

அம்மையார் மறைந்து பல்லாண்டுகள் சென்றபின், 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிற்று. இன்று எழுத்தும் எண்ணும் நிறமும் கற்பிக்கும் படக்காட்சிகள் இல்லந்தோறும் ஒளிர்கின்றன. நடை பயிலும் குழந்தையும் அவற்றைக் கண்டு கைகொட்டிச் சிரிக்கின்றது. கடைகளிற் கல்வி விளையாட்டுப் பொருள்கள் குவிந்துள்ளன. இவற்றை அம்மையார் வகுத்த நெறியால் நோக்கின், ஓர் உண்மை விளங்கும். கண் காண்பது மட்டும் கல்வியாகாது; கையும் உடன் தொழிற்படுதல் வேண்டும். திரையிற் கண்ட வட்டத்தைக் குழந்தை எழுந்து சென்று மணலில் வரையுமாயின், அக்காட்சி பயன் தந்தது. அசையாது அமர்ந்திருக்குமாயின், பயன் குறைந்தது. பொருளின் விலை பெரிதன்று. அதனைக் கொண்டு குழந்தை தானே ஒன்றைக் கண்டறிவதே பெரிது.

தம்பியோ தங்கையோ சோழிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருக்கும்போது, குறுக்கே புகுந்து கலைப்பதும், நாமே செய்து காட்டுவதும் எளிய செயல்கள். அருகே அமைதியாய் அமர்ந்து, அக்குழந்தை தன் வேலையை முடிக்கும் வரையிற் காத்திருப்பதே அரிய செயல். அவ்வரிய செயலைத் தம் வாழ்நாளெல்லாம் செய்த மாண்டிசோரி அம்மையாரின் புகழ், குழந்தைகள் உள்ளளவும் நிலைத்து நிற்கும்.